குவாங்சோவில் ஒரு சீன மருத்துவ கிளினிக்: வைத்தியருக்கு நாலு நட்சத்திரம், வரவேற்பறைக்கு ஒன்று

பாதிப் பேர் முதல் பத்தியோடு நகர்ந்துவிடுவீர்கள் என்பதால் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள் அறையில் உட்கார்ந்திருக்கும் வயதான வைத்தியரைப் பார்க்க இன்னொரு தடவைகூடப் போவேன். அந்த அறைக்கு வெளியே ஐந்து வண்ண வட்டப் படத்தைச் சுவர் முழுக்க மாட்டிவைத்து, "உங்கள் உடம்பில் மரம் கூடிவிட்டது, மண் குறைந்துவிட்டது" என்று சிகிச்சைத் தொகுப்பு அட்டை விற்கிறார்களே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பெயர்ப்பலகையில் நடப்பதுதான் சிக்கல். கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குவாங்சோவில் இந்த மாதிரி கிளினிக்குகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

என் கதை ரொம்பச் சாதாரணம். துணி ஏற்றுமதி வேலை, சில வருடங்களாக இந்த ஊர். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்ளும், ராத்திரி இரண்டரை மணிக்கு யாரோ தட்டி எழுப்பியதுபோல் முழிப்பு வந்துவிடும், பகலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று கோபம். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல், மன அழுத்தத்தைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கொள்முதல் விலையையும் கப்பல் தேதியையும் வைத்துக்கொண்டு எதைக் குறைப்பது? அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் சீனப் பெண்தான், நான் ராத்திரி முழிக்கும் நேரத்தைக் கேட்டதுமே, "அது கல்லீரல் நேரம், உனக்கு ஈரமும் நிறைய இருக்கிறது" என்று தீர்ப்பெழுதி இந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். 'ஈரம்' என்பது இந்த ஊரில் ஒரு தேசிய வியாதி. வசந்த காலத்தில் சில நாள் தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பி வரும், வீட்டுச் சுவரும் தரையும் வேர்த்துக் கொட்டும், துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அந்த நாட்களில் யாரைக் கேட்டாலும் தன் உடம்புக்குள்ளும் அப்படித்தான் என்பார்கள். லிஃப்டில் பார்க்கிற பாட்டிகூட என் முகத்தைப் பார்த்து "ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறார்.

பதிவு செல்போனிலேயே முடிந்துவிடுகிறது, 60 யுவான். அரை மணி நேரம் காத்திருந்தோம். காத்திருக்கும் இடத்தில்தான் அந்தச் சுவர்ப்படம். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் ஆட்கள் இதைப் பார்த்ததும் பஞ்சபூதம் என்று தலையாட்டிவிடுவோம், நானும் ஆட்டினேன், ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கணக்கு இடிக்கும். காற்று எங்கே? ஆகாயம் எங்கே? மரமும் உலோகமும் எங்கிருந்து நுழைந்தன? தோழியைக் கேட்டேன். சீனத்தில் இதற்கு வூஷிங் என்று பெயர். 'வூ' ஐந்து, 'ஷிங்' என்றால் நடப்பது, போவது. நம் பூதங்கள் பொருள்கள், உலகம் எதனால் ஆனது என்பதற்கான பதில். இவர்களுடைய ஐந்தும் நடைகள். முளைத்து மேலே போவது மரம், பரவி எரிவது நெருப்பு, தாங்கி ஜீரணித்து மாற்றுவது மண், சுருங்கி இறுகுவது உலோகம், இறங்கி ஒடுங்குவது நீர். ஒரு வருடம் எப்படி நடந்து போகிறதோ அப்படி. அதனால்தான் வசந்தம் மரத்துக்கு, கோடை நெருப்புக்கு, கோடைக் கடைசி மண்ணுக்கு, இலையுதிர்காலம் உலோகத்துக்கு, குளிர்காலம் நீருக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகு படத்தின் பாதிக் குழப்பம் போய்விட்டது.

மீதிப் பாதி உறுப்புகள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கெட்டியான உறுப்பு, ஒரு குழல் உறுப்பு. மரத்துக்குக் கல்லீரலும் பித்தப்பையும், நெருப்புக்கு இதயமும் சிறுகுடலும், உலோகத்துக்கு நுரையீரலும் பெருங்குடலும், நீருக்குச் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும். மண்ணுக்கு இரைப்பையும், கூடவே மண்ணீரலும். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மண்ணுக்கு மண்ணீரல்! நம் மொழியில் அந்த உறுப்பின் பெயரிலேயே மண் இருக்கிறது. தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் தோழிக்கு இதை விளக்கியபோது அவள் முகத்தில் தெரிந்த ஆச்சரியம் 60 யுவானுக்குத் தகும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை, ஒரு நிறம், ஒரு உணர்ச்சி, முகத்தில் ஒரு வாசல் என்று படம் நீண்டுகொண்டே போகிறது. கல்லீரலுக்குப் புளிப்பு, பச்சை, கோபம், கண். இதயத்துக்குக் கசப்பு, சிவப்பு, அளவுமீறிய மகிழ்ச்சி, நாக்கு. மண்ணீரலுக்கு இனிப்பு, மஞ்சள், ஓயாத யோசனை, வாய். நுரையீரலுக்குக் காரம், வெள்ளை, துக்கம், மூக்கு. சிறுநீரகத்துக்கு உப்பு, கறுப்பு, பயம், காது. பயத்தில் சிறுநீர் போவதை எல்லா ஊரும் கவனித்திருக்கும், இவர்கள் அதைக் கட்டம் போட்டு எழுதி வைத்துவிட்டார்கள்.

வைத்தியர் எழுபதைத் தாண்டியவர். அறையில் மேசை, இரண்டு நாற்காலி, மணிக்கட்டை வைக்க ஒரு சின்னத் துணித் திண்டு, அவ்வளவுதான். சுவரில் வூஷிங் படம் கிடையாது, ஒரு காலண்டர்தான். நாக்கை நீட்டச் சொன்னார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். "காலையில் காப்பி குடித்தாயா?" என்பதுதான் முதல் கேள்வி. குடித்திருந்தேன். நாக்கின் மேல் படிந்த நிறம் காப்பியால் வந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்தக் கேள்வியாம். சரி, இந்த ஆளிடம் விஷயம் இருக்கிறது என்று அப்போதே தோன்றிவிட்டது. அப்புறம் தன் செல்போன் கேமராவில் என் நாக்கை எனக்கே காட்டினார்: ஓரம் முழுக்கப் பல்லின் தடம், ரொட்டி மாவில் விரலால் அழுத்திக்கொண்டே போனதுபோல் வரிசையாகப் பள்ளங்கள், நடுவில் வெள்ளையாகக் கொழகொழப்பு. முப்பத்தெட்டு வருடமாக என் வாயில் இருக்கிற நாக்கு, அன்றுதான் பார்த்தேன். பல் தடம் விழுந்தால் நாக்கு வீங்கியிருக்கிறது, மண்ணீரல் ஈரத்தைக் கையாள முடியாமல் திணறுகிறது என்பது அவர்கள் வாசிப்பு.

நாடி பார்ப்பதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, ஒரு வேற்றுமையும் இருக்கிறது. சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வளி, அழல், ஐயம் பார்ப்பார். இவரும் மூன்று விரல்தான் வைத்தார், ஆனால் விரலுக்கு விரல் உறுப்பு மாறுகிறது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து மேலே இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம், அதையே உயிர்வாசல் என்றும் சொல்கிறார்கள். இலேசாக வைத்து ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. இடது நடுவிரலில் ரொம்ப நேரம் நின்றார். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றார், அது கல்லீரலின் நாடியாம். இதை நான் எந்த அளவுக்கு நம்புகிறேன்? ஒரே ஆளின் நாடியை இரண்டு வைத்தியர்கள் இரண்டு மாதிரி சொல்வார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒத்துக்கொள்கிற விஷயம். ஆனால் அந்த இரண்டு நிமிடம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை, கணினித் திரையைப் பார்க்கவில்லை, செல்போனைத் தொடவில்லை. முந்தைய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்த்த மொத்த நேரமே அவ்வளவு இருக்காது.

கேள்விகள்தான் உண்மையான வைத்தியம். குளிர்ந்த தண்ணீர் குடிப்பாயா, ஐஸ் போட்டா? ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சாப்பிடும்போது போன் பேசுவாயா? வயிறு உப்புவது வேலை நாளிலா, ஞாயிற்றுக்கிழமையிலுமா? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன், ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை உப்புவதே இல்லை. அவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு வரிதான் சொன்னார்: மரம் மண்ணைக் குடைகிறது.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். சுவர்ப்படத்தில் இரண்டு விதமான அம்புகள் இருக்கும். வெளி வட்டம் ஆக்கும் வட்டம்: மரம் எரிந்து நெருப்பு, நெருப்பு அணைந்து சாம்பல் மண், மண்ணுக்குள் உலோகம், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் பனித்துளியாகப் படியும், நீர் குடித்து மரம் வளரும். தாய் பிள்ளை உறவு என்பார்கள். உள்ளே நட்சத்திர வடிவில் இருப்பது அடக்கும் வட்டம்: மரம் வேர்விட்டு மண்ணைப் பிளக்கும், மண் அணையாகி நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். அடக்குவது அளவோடு இருந்தால் நல்லது, வீட்டில் ஒரு பெரியவர் மாதிரி. மீறினால்தான் நோய். என் விஷயத்தில் அடக்கிவைத்த கோபம், கப்பல் தேதி எல்லாம் கல்லீரல் கணக்கு. அது விறைத்துக்கொண்டு போய் மண்ணாகிய செரிமானத்தை மிதிக்கிறது. கோபத்தோடு சாப்பிட்டால் சோறு செரிக்காது என்று எந்தக் கிழவியும் சொல்வாள், ஆனால் வைத்தியத்தில் இதை ஓர் ஒழுங்காக ஆக்கி, கல்லீரலில் கோளாறு கண்டால் அது மண்ணீரலுக்குப் போகும், அதனால் முதலிலேயே மண்ணீரலைப் பலப்படுத்து என்று கிட்டத்தட்ட 1,800 வருடங்களுக்கு முன்னால் ஹான் காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதி வைத்திருக்கிறார். வரப்போகும் நோய்க்கு முன்கூட்டியே பந்தல் போடுவது. இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, மரமும் மண்ணும் நிஜமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

நான் பயந்துபோய் ஆஸ்பத்திரி அறிக்கையை எடுத்து நீட்டினேன். கல்லீரல் என்சைம் எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்புறம் எப்படிக் கல்லீரலில் கோளாறு? வைத்தியர் அறிக்கையை ஒழுங்காகப் படித்தார், படித்துவிட்டு, "இந்தக் கல்லீரல் நன்றாக இருக்கிறது. நான் சொல்வது இது இல்லை" என்றார். எல்லாரும் மனப்பாடம் பண்ண வேண்டிய பதில் இது. அவர்கள் 'கான்' என்று சொல்வதை மொழிபெயர்க்கும்போது கல்லீரல் என்று எழுதிவிடுகிறோம், 'பீ' என்பதை மண்ணீரல் என்று எழுதுகிறோம், ஆனால் அது ஸ்கேனில் தெரிகிற சதை அல்ல, ஒரு வேலைத் தொகுப்பின் பெயர். ஸ்கேனில் தெரிகிற மண்ணீரலின் வேலை பழைய இரத்த அணுக்களை வடிகட்டுவது, எதிர்ப்பு சக்தி. விபத்தில் அதை அறுத்து எடுத்துவிட்டவர்கள் சோறு செரித்து நன்றாகத்தான் வாழ்கிறார்கள். சீனப் பாடத்திலோ மண்ணீரல்தான் செரிமானத்துக்கே தலைமை. மூளை இந்த ஐந்து உறுப்புகளின் பட்டியலிலேயே இல்லை, சிந்தனை பெரும்பாலும் இதயத்தின் பொறுப்பு. அப்புறம் 'மூன்று சூடேற்றி' என்று ஓர் உறுப்பு உண்டு, பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, உருவம் கிடையாது என்று பழைய நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, "உனக்குக் கல்லீரல் பலவீனம்" என்று ஒரு சீன வைத்தியர் சொன்னால் ஓடிப்போய்க் கல்லீரலுக்கு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அதேபோல நிஜமான கல்லீரல் வியாதி இருப்பவர், என் மரத்தைச் சரிபண்ணிவிட்டேன் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து.

மருந்து ஷியாவ் யாவ் சான் என்ற பழைய மருந்துக் கலவையின் ஒரு மாறுபாடு, சோங் வம்சத்து அரசு மருந்தகத் தொகுப்பில் இருந்து வருவது. பெயரைத் தமிழில் 'கவலையற்ற உலாத்தல்' என்று சொல்லலாம், மருந்துக்கு இப்படிப் பேர் வைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு. சாய்ஹு என்ற வேர் கல்லீரலின் விறைப்பைத் தளர்த்த, டாங்குவெய் வேரும் வெள்ளைப் பியோனி வேரும் இரத்தத்துக்கு, பாய்ஜு கிழங்கும் ஃபூலிங் என்ற காளானும் (பைன் மர வேரில் வளர்வது) மண்ணீரலுக்கு, அதிமதுரம் எல்லாரையும் சமாதானப்படுத்த, கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் புதினா. எனக்காகக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒன்றைக் கூடச் சேர்த்தார். இந்த மாகாணத்தில் ஷின்ஹுவெய் என்ற ஊரின் ஆரஞ்சுத் தோலுக்குத் தனி மவுசு, வருடக்கணக்கில் வைத்திருந்து பழைய தோலுக்கு அதிக விலை சொல்வார்கள். அதிமதுரமும் இஞ்சியும் புதினாவும் நம் நாட்டு மருந்துக்கடையிலும் கிடைப்பவைதான், அதனால் இந்தக் கலவை எனக்கு முழுக்க அந்நியமாகத் தெரியவில்லை.

மருந்து கட்டுவதைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம். சுவர் உயரத்துக்கு மர இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று தடுப்பு. கல்லாவில் இருந்த பெண் ஏழு காகிதத்தை வரிசையாக விரித்தாள். ஒரு வேரை ஏழு நாளைக்குமாகச் சேர்த்து ஒரு கைத்தராசில் அள்ளி நிறுத்தாள், தண்டு ஒரு சாணுக்கு மேல் இருக்காது, விரல் நுனியில் நூலைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு முதல் காகிதத்தில் கொஞ்சம் கொட்டுவாள், தராசில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பாள், அடுத்ததில் கொட்டுவாள். ஏழாவது காகிதத்துக்கு வரும்போது தட்டு காலி. ஒன்பது சரக்கு, ஒரு தடவைகூடத் திரும்ப அள்ளவில்லை. நான் ஏற்றுமதியில் எடை பார்த்துப் பிழைக்கிறவன், எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரே குறை, சரக்கு எந்த ஊர், எப்போது வந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லதுதான்" என்பதைத் தாண்டி பதில் வரவில்லை. ஏழு நாள் மருந்து 315 யுவான். வீட்டில் காய்ச்ச நேரமில்லை என்றால் அவர்களே காய்ச்சி 200 மில்லி பாக்கெட்டாக அடைத்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு. முதல் வாரம் நான் வீட்டில் காய்ச்சினேன்: மண்சட்டியில் அரை மணி ஊறவைத்து, கொதித்தபின் சிறுதீயில் வைத்து, புதினாவை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, வடித்த சக்கையையே இன்னொரு தடவை காய்ச்சி, இரண்டையும் கலந்து காலை மாலை குடிக்க வேண்டும். மாடி முழுக்க வாடை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, திட்டப் போகிறார் என்று பார்த்தால், யார் வைத்தியர் என்று விசாரித்தார். இரண்டாம் வாரம் பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன், சுவை இன்னும் தண்ணியாக இருந்தது என்பது என் சந்தேகம்.

சரி, பலன். பத்து நாளில் வயிறு உப்புவது பாதிக்குமேல் குறைந்தது, மூன்று வாரத்தில் ராத்திரி முழிப்பு வாரத்துக்கு இரண்டு நாளாகிவிட்டது. ஆனால் இதே மூன்று வாரத்தில் அவர் சொன்னபடி ஐஸ் தண்ணீரை விட்டேன், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தேன், சாப்பிடும்போது போனை இன்னொரு அறையில் வைத்தேன். கஷாயம் எவ்வளவு, போன் எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அவர் எதையோ விற்கிறார். ஒன்று மட்டும் நிச்சயம், "மன அழுத்தத்தைக் குறையுங்கள்" என்று கேட்டபோது நான் எதையும் மாற்றவில்லை, "மரம் மண்ணைக் குடைகிறது" என்று கேட்டபோது மாற்றினேன். படம் மனதில் நிற்கிறது. அடுத்த முறை தொழிற்சாலைக்காரரிடம் போனில் கத்தும்போது, வயிற்றுக்குள் வேர் இறங்குவது மாதிரியே இருந்தது.

இனி வரவேற்பறைக் கதை. இரண்டாவது தடவை போனபோது வைத்தியர் தாமதம் என்று சொல்லி, இலவசமாக வூஷிங் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஒரு இளைஞர் அழைத்தார். கையில் ஓர் உலோகக் கம்பியைப் பிடிக்க வேண்டும், திரையில் ஐந்து வண்ணத் தூண்கள் எழும்பும். மரம் 84, நெருப்பு 66, மண் 39, உலோகம் 71, நீர் 52. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மண் 39 என்பது அபாயக் கட்டமாம், நீரும் "எல்லையில்" இருக்கிறதாம், அதனால் பத்து அமர்வு கொண்ட சீரமைப்பு அட்டை 1,980 யுவான், இன்று எடுத்தால் கால்குளியல் இலவசம். யோசிக்கிறேன் என்று எழுந்து கழிப்பறை போய்க் கை கழுவிவிட்டு வந்து, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று அப்பாவியாகக் கேட்டேன். இருபது நிமிட இடைவெளி. இப்போது மண் 63, உலோகம் 48! கை ஈரமாக இருந்தால் தோலில் மின்சாரம் பாயும் விதம் மாறும், அதைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. உள்ளே இருக்கும் மண்ணீரல் எட்டிப் பார்த்து எண் சொல்வதில்லை. இளைஞர் சிரித்துச் சமாளித்து, "தண்ணீர் பட்டதும் உங்கள் மண் வலுப்பெற்றுவிட்டது" என்றார். அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், அவர் சுவரில் மாட்டியிருக்கிற படத்தின்படி மண்தான் நீரை அடக்கும், நீர் மண்ணை வளர்க்காது.

எனக்கு எரிச்சல் வந்தது விலையால் அல்ல. வைத்தியர் மூன்று தடவைச் சந்திப்பிலும் வூஷிங் பற்றிச் சொன்னது மொத்தம் ஒரே வரி. வெளியே அதையே அரை மணி நேரம் பேசினார்கள். இது இந்த ஒரு கடையின் கோளாறு மட்டுமில்லை. 1956-ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என்று நாலு ஊரில் அரசு சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கிப் பாடத்தை ஒழுங்குபடுத்தியபோது, நோயாளியின் நிலையைப் பார்த்து வகைப்படுத்திச் சிகிச்சை செய்வதுதான் முதுகெலும்பாக ஆனது. வூஷிங் பாடத்தின் ஆரம்ப அத்தியாயத்தில் இருக்கும், வைத்தியர் மனதில் இலக்கணம் மாதிரி இருக்கும். பேசும்போது யாரும் வேற்றுமை உருபைச் சொல்லிக்கொண்டே பேசுவதில்லை. ஆளை மரத்து ஆள், நெருப்பு ஆள் என்று பிரிப்பதும் பழசுதான், இரண்டாயிரம் வருடப் பழமையான மஞ்சள் பேரரசர் நூலில் ஐந்தையும் ஐந்தாகப் பிரித்து இருபத்தைந்து வகை மனிதர்களை வருணித்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஆளின் நிறம், நடை, தலை அமைப்பு, எந்தப் பருவத்தில் நோய் வரும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்தால் எண் வரும் என்று எழுதவில்லை.

கூடவே ஓர் உறுப்புக் கடிகாரமும் கொடுத்தார்கள், அழகான அட்டையில். விடிகாலை 3 முதல் 5 நுரையீரல், 5 முதல் 7 பெருங்குடல், 7 முதல் 9 இரைப்பை, 9 முதல் 11 மண்ணீரல், அப்படியே சுற்றி ராத்திரி 11 முதல் 1 பித்தப்பை, 1 முதல் 3 கல்லீரல். நம் வாட்ஸ்ஆப்பிலும் இது வருடத்துக்கு நாலு தடவை சுற்றுகிறது. காலையில் கழிப்பறை, ஏழு மணிக்குச் சாப்பாடு என்ற அளவில் ஒரு நல்ல தினசரி ஒழுங்கு, ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டரை மணிக்கு முழித்தால் கல்லீரல் நச்சை வெளியேற்றுகிறது என்பதெல்லாம் பின்னால் ஒட்டியது. ராத்திரியின் பின்பாதியில் தூக்கம் எல்லாருக்கும் மெலிசாகத்தான் இருக்கும், பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனுக்கு இன்னும் மெலிசு. என் தோழியிடம் இதைச் சொன்னேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை, கடிகாரம் சரி, நான்தான் தப்பு என்கிறாள்.

கொஞ்சம் சீரியஸாக ஒன்று. படத்தில் சிறுநீரகத்துக்கு உப்பு, கறுப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நிஜமான சிறுநீரக நோய் உள்ள ஒருவர் உப்பும் கறுப்புப் பயறும் கூட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரியில்தான் போய் முடியும். உப்பை அதிகம் தின்றால் இரத்த ஓட்டம் உறையும் என்று அதே மஞ்சள் பேரரசர் நூலே எச்சரித்திருக்கிறது, அட்டைக்காரர்கள் அந்த வரியை அச்சடிப்பதில்லை. மூலிகைதானே என்ற அலட்சியமும் வேண்டாம்: 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய வைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், ஒத்த பெயருள்ள வேறொன்று கலந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சு. சரக்கு எந்த ஊர் என்று கல்லாவில் நான் கேட்டதும் இதனால்தான். மறுபக்கமும் உண்டு, டூ யூயூ என்ற பெண்மணி பழைய சீன நூலொன்றில் மாசிபத்திரி இனத்துச் செடியைக் கொதிக்கவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் வரியைப் பிடித்துக்கொண்டு மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் எடுத்தார், 2015-ல் நோபல் பரிசு. ஆனால் அதை நிரூபித்தது எலியும் குரங்கும் மனிதரும் வைத்துச் செய்த சோதனை, ஐந்து வண்ண வட்டம் இல்லை.

போகிறவர்களுக்கு: காப்பி, மஞ்சள், கலர் மிட்டாய் எதுவும் சாப்பிடாமல் போங்கள், நாக்கு பார்க்க வேண்டும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், செல்போன் மொழிபெயர்ப்பில் 'ஈரம்' 'நெருப்பு' எல்லாம் பயங்கரமாக வந்து விழும். ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் பெயரை எழுதி எடுத்துப் போங்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாங்குவெய் பற்றி வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். எடை தானாகக் குறைகிறது, மலத்தில் இரத்தம் போகிறது என்றால் முதலில் பெரிய ஆஸ்பத்திரி. இதை வைத்தியரே என்னிடம் சொன்னார், அவர்மேல் எனக்கு மரியாதை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே வரும்போது இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் நடையைக் கட்டுங்கள்.

அட்டை வாங்காமல் தப்பித்தேன், ஆனால் பதிவில் கொடுத்த எண்ணுக்கு அந்த இளைஞரின் செய்தி இன்னும் வருகிறது. போன வாரம் வந்தது: இலையுதிர்காலம் பிறந்துவிட்டது, இது நுரையீரலின் பருவம், காற்று வறண்டுவிட்டது, வெள்ளை நிறப் பொருள்களைச் சாப்பிடுங்கள், சலுகை விலை 1,580. நான் பதில் போடவில்லை. அன்று ராத்திரி தொண்டை கரகரவென்று இருந்தது, அடுப்பில் பேரிக்காயைத் துண்டு போட்டுக் கற்கண்டோடு வேகவைத்தேன், இங்கே எல்லார் வீட்டிலும் இந்தப் பருவத்தில் செய்வதுதான். இரண்டு கிண்ணம் குடித்தேன். நன்றாக இருந்தது.